வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்: 1953 படமா, 2005 படமா?

பழைய ரீல் (மட்டக்களப்பு):

வருகிற சனிக்கிழமை எங்கள் வாசிகசாலையில் படம் போடுகிறோம். வேற்றுக்கிரகத்தார் பூமிக்குப் படையெடுக்கிற கதையான வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ் என்பது முடிவாகிவிட்டது. எது என்பதில்தான் இழுபறி. 1953இல் ஜோர்ஜ் பால் தயாரித்து பைரன் ஹஸ்கின் இயக்கியதா, 2005இல் ஸ்பீல்பேர்க் எடுத்த ரீமேக்கா? குழுவில் முக்கால்வாசிப் பேர் ஸ்பீல்பேர்க் பக்கம். நான் மற்றப் பக்கம். காரணத்தைச் சொல்கிறேன், அடிக்க வருகிறவர்கள் வாசித்துவிட்டு அடியுங்கள்.

பழைய படத்தில் அந்தப் பள்ளக் காட்சி. வானத்திலிருந்து விழுந்த பொருளின் மூடி மெல்லத் திருகித் திறக்கிறது. காவலுக்கு நின்ற மூன்று பேர் ஒரு வெள்ளைத் துணியைக் கம்பில் கட்டிக்கொண்டு, நட்பாகத்தான் வருகிறோம் என்று காட்டப் போகிறார்கள். நாகம் படமெடுப்பது போல ஒரு கழுத்து மேலெழுந்து அவர்கள் பக்கம் திரும்புகிறது. அவ்வளவுதான். பிறகு நிலத்தில் சாம்பல், மனித உருவத்திலேயே. அதே நேரம் ஊருக்குள் நடன மண்டபத்தில் விளக்கு அணைகிறது, தொலைபேசி செத்துவிட்டது, எல்லோருடைய கைக்கடிகாரமும் ஒரே நேரத்தில் நின்றிருக்கிறது. பயம் இப்படித்தான் வரவேண்டும், படிப்படியாக.

அதற்குப் பிறகு அணுகுண்டு. ஹிரோஷிமாவுக்கு எட்டே வருடம் கழித்து, அமெரிக்காவே எடுத்த படத்தில் குண்டு போடுகிறார்கள், தூசி அடங்குகிறது, செவ்வாய்க்காரனின் இயந்திரங்கள் கீறல் இல்லாமல் வந்துகொண்டிருக்கின்றன. அந்தக் காலத்தில் அதைச் சொல்லத் துணிவு வேண்டும். இத்தனையும் ஒன்றரை மணித்தியாலத்துக்குள்.

2005இல் என்ன? டொம் குரூஸ் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஓடுகிறார். பிறகும் ஓடுகிறார். சிறப்புக் காட்சிகளுக்கு ஒஸ்கார் எடுத்தது பழைய படம். புதியது மூன்று பிரிவில் பரிந்துரைக்கப்பட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை, மூன்றையும் கிங் கொங் கொண்டுபோனது. அதுவும் ஒரு ரீமேக் என்பது வேறு கதை.

மருதமுனைக் காக்கா:

தம்பி, ஓடுகிறவனின் கண்ணால் கடைசிவரை பார்க்கிற படம் வேறு எத்தனை இருக்கிறது?

உங்கள் 1953 படத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் விளக்கம் சொல்ல ஓர் ஆள் நிற்கும். விஞ்ஞானி சொல்வார், ஜெனரல் சொல்வார், அவர்கள் வாயை மூடினால் பின்னணிக் குரல் எந்தெந்த நாடு விழுந்தது என்று வாசிக்கும். 2005இல் டொம் குரூஸ் நடிக்கிற ரே ஒரு துறைமுகக் கிரேன் ஓட்டுநர். அவனுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் எங்களுக்கும் தெரியாது. படகுத்துறைக் கூட்டத்தில் ஒருவர் ஐரோப்பாவில்தான் ஆகப் பெரிய அழிவு என்கிறார், இன்னொருவர் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார். சுனாமி நாளான 2004 டிசம்பர் 26 பின்னேரம் இந்தக் கரையில் நின்ற எவருக்கும் அந்த இடம் விளங்கும். அந்த ஊர் முழுதாகப் போய்விட்டது, இந்த ஊர் கடலுக்குள் என்று ஆளுக்கொரு கதை. யாரோ ஒருவன் "கடல் வருது" என்று கத்துவான், சாப்பாட்டைப் போட்டுவிட்டு எல்லோரும் மேற்கே ஓடுவோம். வராது. கொஞ்சம் மூச்சு வாங்கியதும் இன்னொருவன் கத்துவான்.

சாம்பலைப் பற்றிச் சொன்னீர்கள். முதல் இயந்திரம் தெருவைப் பிளந்துகொண்டு வந்தபின் ரே வீட்டுக்கு வருகிறான். முகத்தில், முடியில், உடுப்பில் எல்லாம் வெள்ளைத் தூசி. கண்ணாடியில் பார்க்கும்போதுதான் அது என்ன தூசி என்று விளங்கி உதறத் தொடங்குகிறான். பழைய படத்தில் சாம்பல் நிலத்தில் கிடக்கிறது. இதில் அது ஆளின் தலைமுடிக்குள் இருக்கிறது. எது கிட்ட வந்து தொடுகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

2006 மொடல்:

காக்கா, கோபிக்க வேண்டாம். நான் அலைக்குப் பிறகு பிறந்தவன். எங்கள் வீட்டிலும் இந்தப் படம் ஓடும்போது பெரியவர்கள் சத்தம் போடாமல் இருப்பார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது ஸ்பீல்பேர்க்கின் படத்தை இல்லை, தங்களுடைய அந்த ஞாயிற்றுக்கிழமையை. அதற்கு ஸ்பீல்பேர்க்குக்கு ஏன் புள்ளி போடவேண்டும்?

அவர் நினைத்தது நியூயோர்க்கை. மகள் முதலில் கேட்பதே பயங்கரவாதிகளா என்றுதான். காணாமற் போனவர்களின் படங்கள் ஒட்டிய சுவர், சாம்பல் மூடிய ஆட்கள், எல்லாம் 2001 செப்டெம்பர். அலை அடித்தபோது அங்கே ஏற்கெனவே படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது.

அந்த நினைவைக் கழற்றிவிட்டு வெறும் படமாகப் பாருங்கள். அந்த இயந்திரங்கள் எப்போதோ நிலத்துக்கு அடியில் புதைக்கப்பட்டவையாம். நிலக்கீழ் ரயில், தண்ணீர்க் குழாய் எல்லாம் தோண்டிய நாட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. வாகனம் எல்லாம் நின்றுபோன தெருவில் ஒருவர் வீடியோக் கமராவில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார், அது மட்டும் வேலை செய்கிறது. மகன் ரொபி நெருப்புக்குள் ஓடுகிறான், அந்த மலைச்சரிவே வெடிக்கிறது, கடைசியில் பொஸ்டனில் தகப்பனுக்கு முன்னால் வந்து நிற்கிறான். எப்படி வந்தான்? பஸ்ஸிலா?

படுவான்கரையான்:

ரொபி வந்தது எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் இல்லை, அது மட்டும் நிச்சயம். மண்டூர்ப் பாதையை, வாவியைக் கடக்கிற அந்தப் படகை, தவறவிட்டால் நாங்கள் இரண்டு கிலோமீற்றர் போக ஒரு பெரிய சுற்றுச் சுற்றவேண்டும்.

காரைதீவு ரீச்சர்:

ரீமேக், ரீமேக் என்று எதைச் சொல்கிறீர்கள்? 1953 படமும் ரீமேக்தான். எச். ஜி. வெல்ஸின் நாவல் 1898இல் புத்தகமாக வந்தது. கதை நடப்பது இங்கிலாந்தில், வோக்கிங் பக்கத்து வெளி ஒன்றில். 1938இல் ஓர்சன் வெல்ஸ் வானொலி நாடகத்துக்காக அதை அமெரிக்காவுக்குத் தூக்கிப்போனார். 1953இல் கலிபோர்னியா, 2005இல் நியூ ஜேர்சி. செவ்வாய்க்காரருக்கும் விசா அங்கேதான் கிடைக்கிறது போல.

நாவலின் முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் ஒரு சாட்டையடி கொடுக்கிறார். செவ்வாய்க்காரரைத் திட்டுமுன், டஸ்மேனியாவின் பழங்குடிகளை ஐரோப்பியக் குடியேறிகள் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள் என்கிறார். பேரரசு உச்சத்தில் இருந்தபோது அந்தப் பேரரசின் வாசகரைப் பார்த்துச் சொன்னது அது. போர்த்துக்கேயரிடமிருந்து 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டையை மட்டக்களப்பு நகருக்குள் வைத்துக்கொண்டு இருக்கிற நாங்கள் அதை வாசிக்கும் விதமே வேறு. முடிவையும் யோசியுங்கள். குடியேற்ற நாடுகளில் வந்தவன் கொண்டுவந்த நோயில் இருந்தவன் செத்தான். வெல்ஸ் அதைத் தலைகீழாக்கி, வந்தவனை இங்குள்ள கிருமியால் சாகவைக்கிறார்.

பழைய ரீல் அண்ணன் தூக்கிப்பிடிக்கிற படத்தில் இந்தச் சாட்டை எங்கே? கழற்றிவிட்டு அந்த இடத்தில் தேவாலயத்தை வைத்துவிட்டார்கள். நாவலில் பாதிரியார் ஒரு கோழை, புலம்பியே கதைசொல்லியின் உயிரை வாங்குவார். 1953இல் அதே பாதிரியார் வேதாகமத்தை உயர்த்திப் பிடித்து 23ஆம் சங்கீதம் சொல்லிக்கொண்டே இயந்திரத்தை நோக்கி நடந்து போய்ச் சாகிறார். விஞ்ஞானி கடைசியில் காதலியைத் தேடித் தேவாலயம் தேவாலயமாக அலைகிறார், சரியாக அந்த நேரம் பார்த்து வெளியே இயந்திரம் விழுகிறது.

ஸ்பீல்பேர்க் படமும் சாட்டையைத் திருப்பித் தரவில்லைதான். ஆனால் நாவலில் உள்ள மூன்று கால் இயந்திரங்களைத் திருப்பித் தந்தது, சிவப்புச் செடியைத் தந்தது, மனித இரத்தத்தை உறிஞ்சுகிற அருவருப்பையும் தந்தது. நிலவறையில் ஒளிந்திருக்கிற ஓகில்வி நாவலின் பாதிரியாரையும் பீரங்கிப் படை வீரனையும் சேர்த்துக் குழைத்த ஆள், பெயர் மட்டும் நாவலில் வருகிற வானியலாளருடையது. ஆக, ரீமேக் என்று நீங்கள் இளக்காரமாகச் சொல்வதுதான் மூலத்துக்குக் கிட்ட நிற்கிறது.

பழைய ரீல்:

ரீச்சர், பாதிரியார் விடயத்தில் ஓம், நாவலுக்கு நேரெதிர்தான். ஆனால் படமாக அது எவ்வளவு வலுவான காட்சி! பதுங்குகுழிக்குள் இராணுவம் நிற்கிறது, ஒரு கிழவர் தனியே நடக்கிறார், கழுத்து அவரைப் பின்தொடர்ந்து திரும்புகிறது. நாவலுக்கு விசுவாசமாக இருப்பதும் நல்ல படமாக இருப்பதும் ஒன்றல்லவே.

மூன்று காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அல்பேர்ட் நொசாக்கி வடிவமைத்த அந்த இயந்திரங்கள் திருக்கை மீனின் உருவம். அவற்றுக்கும் கால் உண்டு, கண்ணுக்குத் தெரியாத காந்தக் கால்கள் என்று படத்திலேயே சொல்கிறார்கள். தூக்கிப் பிடித்த கம்பிகள் தெரிகின்றன என்று சிரிப்பவர்களுக்கு: பின்னாளில் செய்த மறுசீரமைப்பில் அவற்றை மறைத்துவிட்டார்கள். மிதந்து வருகிற அந்த அமைதி எனக்கு முக்காலியின் ஊளையைவிடப் பயம் தருகிறது.

2006 மொடல்:

அந்த ஊளையை மட்டும் குறை சொல்லாதீர்கள் அண்ணன். அது ஒன்றுக்காகவே நல்ல ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்கலாம்.

படுவான்கரையான்:

இவ்வளவு நேரம் பகிடி விட்டேன், இப்போது உண்மையாகவே ஒன்று கேட்கிறேன். 2005 படத்தில் ஓடிவருகிறவர்களை ஏற்றுக்கொள்கிற ஊர் எங்கே?

அலை வந்த அன்று எழுவான்கரையிலிருந்து, அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமிருந்து, சனம் வாவிக்கு மேற்கே எங்கள் பக்கம் வந்தது. ஈரத்தோடு, செருப்பில்லாமல், சிலர் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. எந்த நிறுவனமும் வருமுன் எங்கள் பெண்கள் கிடாரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். பழைய சாரம், சேலை, போர்வை என்று வீட்டுக்கு வீடு சேர்த்தோம். யார் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. காக்காவின் ஊரிலும் அப்படித்தான் நடந்திருக்கும்.

இந்தப் படத்தில் அப்படி ஒருவர் இல்லை. ரே வாகனத்தோடு வந்தால் சனம் அடித்துப் பறிக்கிறது. வீட்டுக்குள் வா என்று கூப்பிடுகிற ஒரேயொரு ஆள் ஓகில்வி, அவனும் பைத்தியம், கடைசியில் ரேயே அவனைக் கொல்லவேண்டி வருகிறது. பயத்தைச் சரியாக எடுத்த படம் மனிசரைப் பிழையாக எடுத்துவிட்டது. 1953இல் தேவாலயம் தேவாலயமாகச் சனம் ஒன்றாக உட்கார்ந்தாவது இருக்கிறது. ரீச்சருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கு அந்த இடம்தான் பிடித்தது.

மருதமுனைக் காக்கா:

எங்கள் ஊரிலும் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டோம். அதை நான் மறுக்கவில்லை. இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில், இருந்தும் ஆளுக்காள் தாங்கினோம்.

ஆனால் தம்பி, மற்றதும் நடந்தது. ஆளில்லாத வீடுகளுக்குள் பூந்தவர்கள் இருந்தார்கள். மையித்தின் கையிலிருந்து காப்பைக் கழற்றியவர்கள் இருந்தார்கள். நிவாரண லொறி வந்தால் பலமுள்ளவன் முன்னுக்கு, விதவைப் பெண் பின்னுக்கு. வருடாவருடம் நினைவுகூரும்போது கிடாரத்தைப் பற்றிப் பேசுகிறோம், காப்பைப் பற்றிப் பேசுவதில்லை. ஸ்பீல்பேர்க்கின் வாகனக் காட்சியில் உடைந்த கண்ணாடியை வெறுங்கையால் பிய்க்கிறானே ஒருவன், அவனை நான் பார்த்திருக்கிறேன். அவன் கெட்டவன் இல்லை, அவனுக்கும் பின்னால் பிள்ளைகள் இருந்திருக்கும்.

பழைய ரீல்:

அந்த வாகனக் காட்சியே 1953இலிருந்து எடுத்ததுதான் காக்கா. லொஸ் ஏஞ்சலிஸில் ஆய்வுக் கருவிகளோடு போகிற விஞ்ஞானியின் லொறியைக் கூட்டம் மறித்து, அவரை இழுத்துப் போட்டுவிட்டு, கருவிகளைத் தெருவில் வீசுகிறது. உலகத்தைக் காப்பாற்ற இருந்த ஒரே வழியை உலகமே உடைத்துப் போடுகிறது. 2005இல் போவது ஒரு குடும்பத்தின் வான். கதையைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று நான் சொல்வது இதைத்தான்.

காரைதீவு ரீச்சர்:

சின்னதாக்கினால் என்ன? அந்த வானுக்குள் ஒரு பத்து வயதுப் பிள்ளை இருக்கிறது. கருவி உடைந்தால் ஐயோ என்று இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை வானுக்குள் மாட்டிக்கொண்டு கத்தும்போது நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

மருதமுனைக் காக்கா:

என் வாக்கு 2005க்குத்தான். ஒரேயொரு நிபந்தனை. இயந்திரத்தின் மேல் பறவைகள் போய் இருப்பதைப் பார்த்து, கவசம் போய்விட்டது என்று ரே கத்துகிறானே, அது விழுந்ததும் புரொஜெக்டரை நிறுத்துங்கள். அந்த மகன் திரும்பி வருகிற கூத்து எங்கள் சனத்துக்குத் தேவையில்லை. இங்கே திரும்பி வராத மகன்கள்தான் கூட.

2006 மொடல்:

நானும் காக்கா பக்கம் வந்துவிடுகிறேன், அந்தக் காட்சியை வெட்டினால்.

பழைய ரீல்:

வெட்ட விடமாட்டேன். பொஸ்டனில் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வருகிற தாத்தா பாட்டி யாரென்று பார்த்தீர்களா? ஜீன் பெரியும் ஆன் ரொபின்சனும், என்னுடைய 1953 படத்தின் விஞ்ஞானியும் காதலியும். அந்த முழுப் படத்திலும் எனக்குப் பிடித்த அரை நிமிடம் அதுதான். ரொபி அவர்களோடு நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும்.

படுவான்கரையான்:

அப்போ 2005ஐப் போடுவதற்குச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளட்டா அண்ணன்?

பழைய ரீல்:

சம்மதம் இல்லை. வெட்டக்கூடாது என்று மட்டும் எழுதுங்கள்.