புதுப்பிப்பு: பழைய ஜீப்புக்கு எந்த ஃபேன்? முடிவெடுத்தாச்சு

சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் போகும் உட்லண்ட்ஸ் பால நெரிசலில் என் ஜீப்பின் வெப்பமுள் சிவப்பை நோக்கி ஏறுகிறது, எஞ்சின் சுழற்றும் விஸ்கஸ் ஃபேனைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தில் ஓடும் எலெக்ட்ரிக் ஃபேன் போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பெரும்பாலோர் எலெக்ட்ரிக் பக்கம் நின்றீர்கள். மன்னிக்கவும், நான் கட்சி மாறிவிட்டேன், விஸ்கஸே இருக்கட்டும்.

எஞ்சினை அணைத்து, சூடு ஆறுமுன் ஃபேனைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. விஸ்கஸ் ஃபேனை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங் நல்லதாக இருந்தால் சூட்டில் இழுத்துப் பிடிக்கும். என்னுடையது திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றியது. உள்ளே இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் கசிந்து மையத்தில் கருப்பாகப் படிந்திருந்தது. பிஐஇ விரைவுச்சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைப் பார்த்துக்கொள்ளும். ஊர்ந்தபோதுதான் குட்டு உடைந்தது.

16 அங்குல எலெக்ட்ரிக் ஃபேன் 20 ஆம்பியர் வரை, சிலது அதற்கு மேலும் இழுக்கும். வண்டிக்கு மின்சாரம் தரும் என் ஆல்டர்னேட்டரோ 60 ஆம்பியர்தான். இரவு மழையில் ஏசி, விளக்கு, வைப்பர் எல்லாம் ஓடினால் பேட்டரி பாவம். ஆழத் தண்ணீரில் இறங்குமுன் சுவிட்சைத் தட்டி நிறுத்தலாம் என்பது பெரிய வசதிதான், ஆனால் நான் ஜொகூர் செம்பனைத் தோட்டச் சேற்றைத் தாண்டியதில்லை.

அப்புறம் ஒரு வெட்கக்கேடு. ஃபேனைச் சுற்றியுள்ள உறையான ஷ்ரவுடின் கீழ்ப்பாதி உடைந்து விழுந்திருந்தது. எப்போது என்றே தெரியவில்லை. அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றையே சுற்றிச்சுற்றி இழுக்கும். எந்த ஃபேன் போட்டிருந்தாலும் காசு வீண்.

கப்ளிங், ஷ்ரவுட் இரண்டும் மாற்றியாச்சு. போன சனிக்கிழமை பாலத்தில் ஒன்றரை மணி நேரம், ஏசியோடு. முள் நடுவிலேயே நின்றது.