புதுப்பிப்பு: சிறுத்தைப் பல்லி இப்போது சாப்பிடுகிறது

நாங்கள் வீட்டில் வளர்க்கும் சிறுத்தைப் பல்லி (leopard gecko) மாவுப்புழுவைத் தவிர எதையும் தொடுவதில்லை என்றும், கொழுப்பைச் சேமிக்கும் அதன் வால் மெலிந்துவருகிறது என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். முதல் பிழை சூடு: வயிற்றுக்கு அடியில் 32 டிகிரி அளவுக்கு வெப்பம் இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. அதைச் சரிசெய்தபின், முந்தைய நாளே கேரட்டும் கீரையும் தின்னக் கொடுத்த சில்வண்டுகளை, பல்லியின் கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மிஞ்சாதவையாகப் பொறுக்கி, கால்சியம் பொடியில் புரட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் விடுகிறேன். இப்பூச்சிகளில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் மிகுதியாதலால், பொடியின்றிக் கொடுத்துவந்தால் எலும்பு மென்மையாகிக் கால்கள் வளையும். பழக்கூழ் கொடுக்கச் சொன்ன நண்பருக்கு: அது நியூ கலிடோனியாவின் கொண்டைப் பல்லிக்குப் பொருந்தும், இதுவோ பூச்சியுண்ணி. நேற்று வால்நுனியைச் சிலிர்த்துக்கொண்டு பதுங்கி, மூன்று சில்வண்டுகளைப் பிடித்துவிட்டது.