கேரவன் இழுக்கும் காருக்குப் பெட்ரோல் என்ஜினா, டீசல் என்ஜினா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். பொருள்களை எல்லாம் ஏற்றிய பின் 1,500 கிலோ எடை வரும் கேரவன் (காரின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லும் சக்கர வீடு) ஒன்றை வாங்கியிருக்கிறோம். அதை இழுப்பதற்கு 2,000 கிலோ எடையுள்ள கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அது இரண்டு வகை என்ஜின்களோடு கிடைக்கிறது. டீசல் என்ஜின் நிமிடத்துக்கு 1,750 சுழற்சியிலேயே 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையை, அதாவது திருப்பும் விசையை, தருகிறது. டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத பெட்ரோல் என்ஜினோ 4,000 சுழற்சியை எட்டிய பிறகுதான் 250 நியூட்டன் மீட்டரைத் தருகிறது. ஆனால் உச்சத் திறன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான். அப்படியிருக்க, கேரவன் வைத்திருப்பவர்களில் பலர் டீசலுக்கே பரிந்து பேசுவது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆண்டுக்கு நான்கைந்து முறை மலைப்பாதை வழியாக நீண்ட பயணம் போவோம்; மற்ற நாள்களில் கார் ஒரு நடைக்கு ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் ஓடாது.

முதல் பதில்:

நண்பரே, உச்சத் திறன் என்பது என்ஜினை முழு வேகத்தில் சுழலவிட்டால் கிடைப்பது. மலை ஏறும்போது நாம் ஓட்ட விரும்பும் சுழற்சியில் என்ன கிடைக்கிறது என்பதே இங்கே கேள்வி. உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காரும் கேரவனும் சேர்ந்து 3,500 கிலோ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டுமானால், புவியீர்ப்பை எதிர்த்து ஏறுவதற்கு மட்டுமே சுமார் 46 கிலோவாட் செலவாகும். சக்கரங்களின் உராய்வையும் கேரவனின் அகன்ற முகப்பு எதிர்கொள்ளும் காற்றையும் சேர்த்தால் தேவை 60 கிலோவாட்டைத் தொட்டுவிடும்.

முறுக்கு விசையைச் சுழற்சியால் பெருக்கி 9,549 ஆல் வகுத்தால் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். அதன்படி 2,000 சுழற்சியில் டீசல் என்ஜின் 84 கிலோவாட் தருகிறது, அதாவது தேவைக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அதே சுழற்சியில் பெட்ரோல் என்ஜினிடம் 220 நியூட்டன் மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 46 கிலோவாட்தான் வருகிறது. ஆகவே கியரைக் குறைத்து 3,000 சுழற்சிக்கு மேல் ஓட்டியாக வேண்டும். பெட்ரோல் கார் ஏறாது என்று நான் சொல்லவில்லை, நிச்சயமாக ஏறும். ஆனால் ஏற்றம் முடியும் வரை என்ஜின் இரைந்துகொண்டே இருக்கும், கியர் அடிக்கடி மாறும், நான்கு மணி நேரப் பயணத்தில் ஓட்டுபவருக்கு அது பெரிய களைப்பைத் தரும். மேலும், ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, பெட்ரோலில் சுமார் 32. டீசல் என்ஜின் அந்த ஆற்றலைப் பயன்படுத்தும் விதமும் சிக்கனமானது என்பதால், பாரம் இழுக்கும் நாள்களில் மைலேஜில் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரியும்.

இரண்டாம் பதில்:

மேலே உள்ள கணக்கை ஏற்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. கேட்டவர் தம் கேள்வியின் கடைசி வரியில் சொன்னதை நாம் விட்டுவிடக் கூடாது. இன்றைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் துகள் வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து சாம்பலாக வேண்டுமானால் வடிகட்டி சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ஜினே சரியாகச் சூடாகாது. எரிப்பு தொடங்கிப் பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும், அதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்பட்ட டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கிறது. என்னுடைய முந்தைய காரில் ஆயில் அளவு தானாகக் கூடியிருந்ததைக் கண்டு குழம்பி நின்றேன். காரணம் இதுதான் என்று மெக்கானிக் விளக்கிய பிறகே புரிந்தது. கேரவன் இழுக்கும் ஐந்து பயணங்களில் வடிகட்டி நன்றாகச் சுத்தமாகும் என்பது உண்மையே, ஆனால் அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களை அது தாங்க வேண்டுமே!

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் டர்போ பெட்ரோல் என்ஜின் உள்ள காரைத் தேடுவது சரியாக இருக்குமா?

மூன்றாம் பதில்:

உங்கள் பயன்பாட்டுக்கு அதுவே பொருந்தும் என்பது என் கருத்து. பல டர்போ பெட்ரோல் என்ஜின்கள் 2,000 சுழற்சிக்குள்ளாகவே உச்ச முறுக்கு விசையைத் தந்துவிடுகின்றன. மலைப்பாதையில் இன்னொரு நன்மையும் உண்டு. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும். டர்போ அந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்துவிடும். ஆனால் நீண்ட ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு ஓடும்போது, டர்போவும் வால்வுகளும் அளவுக்கு மீறிச் சூடாகாமல் காக்கப் பல என்ஜின்கள் கூடுதல் பெட்ரோலைச் செலுத்துகின்றன. அந்நேரத்தில் மைலேஜ் வெகுவாகக் குறையும். ஆண்டுக்கு ஐந்து பயணம் என்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மாதம் இருமுறை இழுப்பவராக இருந்தால் நானும் டீசலையே சொல்லியிருப்பேன்.

என்ஜினைத் தேர்ந்தெடுக்கும் முன் எடைகளைப் பாருங்கள். ஒரே காரில்கூட என்ஜினுக்கு ஏற்ப, இழுக்க அனுமதிக்கப்பட்ட எடை மாறுபடும். கார், கேரவன் இரண்டின் மொத்த எடைக்கும் தனி வரம்பு உண்டு. கேரவன் எடை காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருப்பது புதிதாக இழுப்பவர்களுக்குப் பாதுகாப்பு என்பார்கள். இப்போது 75 சதவீதத்தில் இருக்கிறீர்கள், சிறிய காருக்கு மாறினால் அது கூடிவிடும். கேரவனின் முன்பகுதி இணைப்பின் மீது அழுத்தும் எடை மொத்தத்தில் 5 முதல் 7 சதவீதம், அதாவது 75 முதல் 105 கிலோ, இருப்பது நல்லது. அதற்குக் குறைந்தால் கேரவன் வால் ஆட்டத் தொடங்கும். எந்த என்ஜினாலும் அதை அடக்க முடியாது. காரின் இணைப்பு அந்த எடையைத் தாங்குமா என்பதையும் கையேட்டில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.