கபடி, கால்பந்து, ஓட்டம்: உடற்தகுதியை ஒரே டெஸ்டில் ஒப்பிடலாமா?

களத்துமேடு:
வணக்கம். பள்ளி அணிகளுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் பீப் டெஸ்ட் (பீப் ஒலிக்கு ஏற்ப 20 மீட்டர் கோடுகளுக்கு இடையே முன்னும் பின்னும் ஓடுவது) வைத்து, எல்லா விளையாட்டுப் பிள்ளைகளையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தும் வழக்கம் இருக்கிறது. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் லெவல் 12, கால்பந்து 11, கபடி 8 என்று வந்தால், கபடி அணிக்கு உடற்தகுதி குறைவு என்று சொல்லிவிடலாமா? கையில் டேப், ஸ்டாப்வாட்ச், எடை மெஷின் மட்டும்தான் இருக்கிறது என்றால் வேறு எப்படி அளப்பது?

செம்மண் தடம்:
சொல்லக் கூடாது சார். பீப் டெஸ்ட் அளப்பது நிற்காமல் ஓடும் தாக்குப்பிடிப்பை மட்டும்தான். மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு ஒரு லெவல் என வேகம் அரை கி.மீ. கூடும், நடுவில் ஓய்வே கிடையாது. கபடியில் ஒரு ரெய்டு 30 விநாடி. அதற்குள் பாய்ச்சல், திருப்பம், உதறல் எல்லாம் முடிந்து அடுத்த ரெய்டுக்குள் மூச்சு திரும்பிவிட வேண்டும். 20 நிமிடப் பாதி இரண்டும் இப்படித்தான் போகிறது.

அதற்குப் பொருத்தமானது ராஸ்ட் டெஸ்ட். 35 மீட்டரை டேப்பால் அளந்து (கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும்) முழு வேகத்தில் 6 முறை ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் 10 விநாடிதான் ஓய்வு. எடையை 1225-ஆல் பெருக்கி, நேரம் × நேரம் × நேரம் என்று பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், கால்களின் திறன் வாட் கணக்கில் கிடைக்கும். 60 கிலோ பையன் 5.0 விநாடியில் ஓடினால் 588 வாட். ஆறாவது ஓட்டம் 5.8 விநாடிக்குப் போய்விட்டால் 377 வாட், அதாவது 36 சதவீதம் சரிவு. ரெய்டருக்கு இந்தச் சரிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கார்னர் பிடி:
மேலே சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 85 கிலோ பையன் 5.2 விநாடியில் ஓடினாலே 740 வாட் வந்துவிடும். ஓட்டம் மெதுவானாலும் எண் பெரிது! கிலோவுக்கு வகுத்தால் நிலைமை தலைகீழ்: அவனுக்கு 8.7, 60 கிலோ பையனுக்கு 9.8. எது சரி என்றால், ஆடும் இடத்தைப் பொறுத்தது. தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு தப்பிக்கும் ரெய்டருக்குக் கிலோ கணக்கு. பாய்ந்து காலைப் பிடித்து அடுத்தவனை நிறுத்த வேண்டிய கார்னருக்கு (ஓரத்தில் நிற்கும் தடுப்பாளர்) மொத்த வாட்.

ஆக்சிஜன் அளவிலும் இதே கதைதான். 90 கிலோ துடுப்புப் படகு வீரர் நிமிடத்துக்கு 6 லிட்டர் எடுத்தால் கிலோவுக்கு 67 மி.லி. 58 கிலோ மாரத்தான் வீரர் 4.5 லிட்டர்தான் எடுப்பார், ஆனால் கிலோவுக்கு 78. படகு வீரரின் எடையைத் தண்ணீர் தாங்குகிறது, ஓட்டக்காரர் தன் எடையை ஒவ்வொரு அடியிலும் தானே தூக்குகிறார். இதை விட்டுவிட்டுப் பெரிய உடம்புப் பிள்ளைகளை "ஸ்டாமினா இல்லாதவன்" என்று ஒதுக்குவது பெரிய அநியாயம்.

விசில்:
அளப்பதில் வரும் பிழையைக் கவனியுங்கள். நேரம் மூன்று முறை பெருக்கப்படுவதால், ஓட்டம் முடியும்போது ஸ்டாப்வாட்சை 0.2 விநாடி தாமதமாக அமுக்கினால் அந்த 588 வாட் 523 ஆகிவிடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆள் நேரம் எடுக்கட்டும். செல்போனில் வீடியோ எடுத்து ஃபிரேம் எண்ணினால் இன்னும் நல்லது.

வரிசையும் முக்கியம்: முதலில் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், பிறகு ராஸ்ட். பீப் டெஸ்டை வேறொரு நாளில், இரண்டு நாள் இடைவெளி விட்டு வையுங்கள். அன்றைக்கே வைத்தால் செத்த காலோடுதான் ஓடுவார்கள்.

களத்துமேடு:
நன்றி. பீப் டெஸ்டுக்குப் பதில் யோ-யோ வைக்கலாமா?

செம்மண் தடம்:
தாராளமாக. 40 மீட்டருக்கு ஒருமுறை 10 விநாடி ஓய்வு இருப்பதால் கபடிக்கும் கால்பந்துக்கும் அது நெருக்கம். ஆனால் லெவல் எண்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்திய கிரிக்கெட் அணி 2018-ல் தேர்ச்சிக்கு வைத்திருந்த 16.1 யோ-யோ கணக்கு, ஓடும் தூரம் 1,120 மீட்டர்தான். பீப் டெஸ்டில் லெவல் 8 முடிப்பதற்குள்ளேயே அந்தத் தூரம் வந்துவிடும். பட்டியலில் லெவலுக்குப் பக்கத்தில் டெஸ்டின் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள்.