கடலுக்கு அடுத்த சொல்: ஒரு சொல்லாட்டக் குழுவில் என் அனுபவம்

சேர்ந்து ஆடும் சொல்லாட்டங்களில் மறக்க முடியாத நிகழ்வு ஒன்றைப் பகிருமாறு கேட்டிருந்தீர்கள். நான் எழுதப்போவது நடுவராக இருந்தபோது செய்த ஒரு பிழையைப் பற்றியது. அதைச் சொல்வதற்கு முன் நாங்கள் ஆடும் ஆட்டத்தைச் சற்று விளக்க வேண்டும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு தொடங்கிய சில நாள்களில், பழைய நண்பர்கள் ஏழு பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவை அமைத்தோம். நண்பர்களின் நண்பர்கள் வழியாக அது நாற்பது பேர் வரை வளர்ந்தது. பாளையங்கோட்டை, சென்னை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர், டொரண்டோ என ஆளுக்கோர் ஊரில் இருந்தோம். இந்திய நேரப்படி இரவு ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கும். டொரண்டோவில் இருப்பவருக்கு அப்போது காலை பதினொன்றரை என்பதால் அவர் சமையலுக்கு இடையே ஆடுவார். கோலாலம்பூர்க்காரர் தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டு ஆடுவார்.

முதலில் ஆடியது, ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் ஆட்டம். அந்தாதி பாடிய மொழிக்கு இது புதிதன்று; ஆயினும் முதல் நாளிலேயே சிக்கிக்கொண்டோம். ஒருவர் 'வீடு' என்றார். 'டு'வில் தொடங்கும் தமிழ்ச் சொல் எங்கே இருக்கிறது? அடுத்த சுற்றில் 'காற்று' வந்தது, அதன் பின் 'மலை' வந்தது, பிறகு 'கடல்' வந்தது. அன்றாடம் புழங்கும் சொற்களில் பெரும்பகுதி, வேறு எந்தச் சொல்லும் தொடங்க முடியாத எழுத்திலேயே முடிகிறது என்பதை ஐம்பது வயதுக்கு மேல்தான் நான் கவனித்தேன். குழுவில் இருந்த தமிழாசிரியர் ஒருவர், பவணந்தி முனிவர் நன்னூலில் மொழிக்கு முதலாகும் எழுத்துகள் 22 என்றும் ஈறாகும் எழுத்துகள் 24 என்றும் வகுத்திருப்பதை நினைவூட்டினார். பன்னிரண்டு உயிரும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்னும் பத்து மெய்கள் உயிரோடு சேர்ந்தும்தான் சொல்லுக்கு முதலில் வரும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் வாரா. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனனம் செய்த அந்த நூற்பா, ஆட்டம் நின்றுபோன அந்த இரவில்தான் எனக்கு உண்மையாகப் புரிந்தது.

ஆகவே ஒரு விதியை வகுத்தோம். கடைசி எழுத்து சொல்லுக்கு முதலாகாத உயிர்மெய்யாக இருந்தால் அதிலுள்ள உயிரை எடுத்துக்கொள்ள வேண்டும்: 'வீடு' என்றால் 'உ', 'மணி' என்றால் 'இ'. 'ல்', 'ள்', 'ன்' போன்ற மெய்யில் முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்துக்குச் செல்ல வேண்டும்; அதுவும் முதலாகாவிட்டால் அதன் உயிர். இப்படிப் பார்த்தால் 'கடல்' என்ற சொல்லில் 'ல்' தள்ளுபடியாகி, 'ட'வும் தள்ளுபடியாகி, 'அ' எஞ்சும். 'கடல்' என்பதற்கு அடுத்து 'அலை' என்று முதலில் எழுதியவரை அன்று அனைவரும் பாராட்டினோம்.

அந்த விதியிலும் ஒரு வலி இருந்தது. 'லை', 'ளை', 'டை', 'ரை' என்று முடியும் சொற்கள் ஏராளம். 'ஐ'யில் தொடங்குபவையோ சில. ஐந்து, ஐயம், ஐப்பசி என்பவை ஒரே நாளில் தீர்ந்துவிட்டன. சங்கப் பாடல்கள் படித்திருந்தவர்கள் மலைநெல்லைக் குறிக்கும் 'ஐவன'த்தையும் வெண்சிறுகடுகைக் குறிக்கும் 'ஐயவி'யையும் கொண்டுவந்தார்கள். அவ்வளவு படித்திராதவர்கள் மெல்ல ஒதுங்கத் தொடங்கினார்கள். ஓர் ஆட்டத்தில் நால்வர் மட்டும் எஞ்சினால் அது நால்வரின் ஆட்டமாகிவிடுகிறது; எங்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஆகவே 'ஐ' வந்தால் ஐகாரம் ஏறிய எந்த எழுத்திலும் தொடங்கலாம் என்று தளர்த்தினோம். உடனே கை, தையல், பையன், மைனா, வைகை எல்லாம் உள்ளே வந்தன. ஒதுங்கியவர்களும் திரும்பி வந்தார்கள்.

இனி என் பிழை. ஆட்டத்துக்கு வாரம் ஒருவர் நடுவராக இருப்பார். என் முறை வந்த வாரத்தில் ஒரு நாள் 'கடல்' வந்தது. பாளையங்கோட்டையைச் சேர்ந்த, எழுபதைக் கடந்த அம்மா ஒருவர் 'அங்கணம்' என்று எழுதினார். நான் சென்னையிலேயே பிறந்து அடுக்ககங்களிலேயே வாழ்ந்தவன். அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. குரல்வழித் தட்டச்சில் ஏதோ பிழை நேர்ந்திருக்கும் என்று நானாகவே முடிவு செய்து, 'இது சொல் அன்று, செல்லாது' என்று எழுதி, அடுத்தவரை அழைத்துவிட்டேன். என்ன பொருள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் எதுவும் மறுத்துப் பேசவில்லை. அதன் பின் பதினைந்து நாள்கள் அவர் ஆட்டத்துக்கு வரவும் இல்லை.

அவர் வராததை முதலில் கவனித்தவர் தமிழாசிரியர்தான். அவர் என்னைத் தனியே அழைத்து, திருநெல்வேலி வட்டாரத்து வீடுகளில் பாத்திரம் துலக்கும், கைகால் கழுவும், நீர் வடியும் இடத்துக்கு அங்கணம் என்று பெயர் என்றார். பிறகு, 720ஆம் குறள் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று பார்க்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தேன்: 'அங்கணத்துள்' என்று தொடங்குகிறது. வள்ளுவர் எழுதிய சொல்லை, இன்றும் தம் வீட்டில் வழங்கிவரும் ஒருவரிடம், சொல்லே அன்று என்று நான் சொல்லியிருக்கிறேன். அந்தக் குறள் இடம்பெற்ற அதிகாரம் 'அவை அறிதல்' என்பது என்னை மேலும் வருத்தியது.

அன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். 'பரவாயில்ல தம்பி, எங்க அம்மா காலத்துச் சொல்லு, இப்ப யாருக்குத் தெரியும்னு நானே விட்டுட்டேன்' என்றார். அவர் சினந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஒரு சொல் பேச்சிலிருந்து விலகிப்போவது இப்படித்தான் போலும். தெரியாத ஒருவர் உறுதியாக மறுக்கிறார், தெரிந்தவர் அமைதியாக விட்டுவிடுகிறார். நான் கேட்டுக்கொண்டபடி அடுத்த நாள் அவர் குழுவில் தம் பழைய வீட்டை விவரித்து ஒரு நீண்ட குரல்செய்தி அனுப்பினார். வீட்டின் முன்பகுதியான தார்சாவில் தொடங்கி அங்கணம் வரை ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டே போனார். அன்று யாரும் ஆட்டம் ஆடவில்லை.

அதன் பிறகு நடுவருக்கு ஒரு கட்டுப்பாடு வைத்தோம். தெரியாத சொல் வந்தால் மறுப்பதற்கு முன் எழுதியவரிடம் பொருளும் ஒரு வாக்கியமும் கேட்க வேண்டும். அதன் பின்னும் ஐயம் இருந்தால், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதியையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் இல்லாமல், சொல்பவரின் ஊரில் மட்டும் வழங்கும் சொல்லாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம். இதனால் யாராவது பொய்ச் சொல்லைக் கொண்டுவருவார்களே என்று சிலர் அஞ்சினார்கள். இதுவரை அப்படி ஒன்றுகூட நான் காணவில்லை.

எழுத்துகளைக் கலைத்துச் சொல் அமைக்கும் ஆட்டத்தையும் ஞாயிறுதோறும் ஆடுகிறோம். எனக்கு மிகவும் பிடித்த சுற்று 'மரகதம்'. ஐந்தே எழுத்துகளில் மரம், மதம், கரம், தரம், தகரம், மகரம், மகதம் என்று வந்துகொண்டே இருந்தது. 'ரகம்', 'ரதம்' என்று சிலர் எழுத, ரகரம் மொழிக்கு முதலாகாது, 'இரதம்' என்பதே தமிழ் வடிவம் என்று தமிழாசிரியர் நின்றார். ஊரில் தேர் இழுப்பவர்கள் எல்லாரும் ரதம் என்றுதானே சொல்கிறார்கள் என்று மற்றவர்கள் நின்றார்கள். ஒரு மணி நேரம் பேசி, இந்த ஆட்டத்தில் மட்டும் ஏற்பது என்று முடிவானது. இருதரப்பும் மொழியின்மேல் கொண்ட அக்கறையால் பேசியதால் அந்த வாதம் இனிமையாகவே நினைவில் நிற்கிறது. ஒருவர் கணினியில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தபோது மரகதத்துக்கு ஆறு என்று காட்டியது. ஈற்று மெய்யின் புள்ளியைக் கணினி தனிக் குறியாகச் சேமிப்பதே காரணம். அன்று முதல் எண்ணிக்கையை விரல்விட்டே செய்கிறோம்.

—

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து:

மேலே எழுதிய அண்ணாவின் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். அங்கணம் நிகழ்வுக்குப் பிறகு சேர்ந்தவள் என்பதால் அந்தப் புதிய கட்டுப்பாட்டின் பயனை முதலில் அடைந்தவர்களில் நானும் ஒருத்தி. 'கதிரை' என்று நான் எழுதியபோது, அது என்ன என்று நடுவர் கேட்டார். நாற்காலி என்று சொன்னேன். போர்த்துக்கேயர் காலத்தில் எங்கள் பேச்சில் கலந்த சொல் என்பதை விளக்கியதும் ஏற்றுக்கொண்டார்கள். கேட்டது சிறிய விடயம்தான், ஆனால் என் வீட்டுச் சொல்லுக்கு அங்கே இடம் இருக்கிறது என்ற எண்ணம் அன்றுதான் வந்தது.

இன்னொரு நாள் மாலைமாற்றுச் சுற்று, அதாவது முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாத சொற்களைச் சொல்லும் சுற்று. திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அப்படிப் பாடியிருப்பதைத் தமிழாசிரியர் சொல்லித் தொடங்கினார். விகடகவி, குடகு, தாத்தா, பாப்பா என்று வந்தன. நான் 'திகதி' என்று எழுதினேன். தமிழ்நாட்டில் இருந்தவர்கள் 'தேதி' என்றே எழுதிப் பழகியவர்கள். எங்களுடைய ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் அந்தச் சொல் இருக்கிறது என்று சொன்னதும், டொரண்டோவில் இருக்கும் அக்கா, தன் பத்து வயது மகள் அதை ஒரு தாளில் எழுதித் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருப்பதாக எழுதினார். அந்தப் பிள்ளை இப்போது எங்கள் ஆட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். பாளையங்கோட்டை அம்மா சொல்லும் சொற்களை ஒரு கொப்பியில் பொருளோடு எழுதி வருகிறாள். அதில் முதல் பக்கத்தில் இருப்பது தார்சா, அதற்கு அடுத்தது அங்கணம்.