குடிநீர்க் கட்டணம் உயரப் போகிறது: ஆட்சேபணையில் என்ன எழுதினால் பதில் வரும்?

மல்லிகைத் தெரு (கேட்டவர்)

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சியில் இருக்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். வீட்டு இணைப்புக்கான மாதக் கட்டணத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கப் போவதாகவும், புது இணைப்புக்கு டெபாசிட்டைக் கூட்டப் போவதாகவும் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஆட்சேபணை இருந்தால் 30 நாளுக்குள் எழுத்துமூலம் தரலாமாம். அதில் பாதி ஓடிவிட்டது.

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், சுமார் 40 நிமிடம் வரும். குடிக்கக் கேன் தண்ணீர்தான். எங்கள் தெருவில் "கட்டண உயர்வை ரத்து செய்க" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அது போதுமா? வாடகைக்கு இருப்பவர்களும் போடலாமா? மீட்டர் வைக்கப் போவதாகவும் பேச்சு இருக்கிறது. தண்ணீருக்கு முன்னால் குழாயில் காற்று சீறிக்கொண்டு வருமே, அதற்கும் மீட்டர் ஓடுமா?

ஆரப்பாளையத்துக்காரன்

ஒரு வரி மனு போதாதுங்க. "உத்தேச உயர்வுக்கு எதிர்ப்பு வந்தது, பரிசீலிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மன்றத்தில் தீர்மானம் போட்டுவிடுவார்கள். கேள்வியாக எழுதினால்தான் பதில் எழுத வேண்டிய நிலை வரும். கூட்டுக் கையெழுத்தும் இருக்கட்டும், அதோடு வீட்டுக்கு ஒரு மனு தனித்தனியாகப் போகட்டும். வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம், கட்டணச்சுமை கடைசியில் வாடகையில்தான் ஏறும். இணைப்பு எண்ணை மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

பழைய பிட்டர்

குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்ம்மா. செலவு நிஜமாகவே கூடியிருக்கிறது. மோட்டார் ஓடுகிற கரண்டு பில், குளோரின், உடைப்பு சரிசெய்யும் கூலி, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வாங்கினால் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு 1,000 லிட்டருக்கு இவ்வளவு என்று கட்டும் பணம், எல்லாம் இருக்கிறது. "உயர்த்தவே கூடாது" என்று மட்டும் எழுதினால் இந்தப் பட்டியலைக் காட்டி வாயை அடைத்துவிடுவார்கள்.

அதனால் அந்தப் பட்டியலை நீங்களே கேளுங்கள். நகராட்சியில் குடிநீர் வடிகால் நிதி என்று தனிக் கணக்கு உண்டு. கடந்த மூன்று வருடம் அதில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, வசூலாகாமல் நிற்கும் பாக்கி எவ்வளவு, அந்தப் பாக்கியில் கடைகளும் நிறுவனங்களும் எவ்வளவு. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒழுங்காகக் கட்டுகிற வீடுகளின் தலையில் மற்றவர் பாக்கியும் சேர்ந்து ஏறுகிறதா என்பது அதில்தான் தெரியும்.

அடுத்தது உங்கள் குழாயை அளந்து பாருங்கள். 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். தண்ணீர் வந்தவுடன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, நிற்பதற்கு முன்னால் ஒருமுறை. தெருவின் முதல் வீடு, கடைசி வீடு இரண்டிலும் பாருங்கள். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர், இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேட்டில் உள்ள அளவு. உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

வடகரை

மீட்டர் பற்றி: ஆமாம், காற்றுக்கும் ஓடும். ஒருநாள் விட்டு ஒருநாள் விடும் ஊரில் குழாய் இடையில் காலியாகிவிடுகிறது. தண்ணீர் திறந்ததும் உள்ளே இருக்கும் காற்றுதான் முதலில் தள்ளிக்கொண்டு வெளியே வரும், மீட்டரையும் சுற்றிவிடும். மெயின் லைனில் மேடான இடங்களில் ஏர் வால்வு இருந்தால் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். "மீட்டர் பொருத்துவதற்கு முன் ஏர் வால்வு" என்று மனுவில் கேளுங்கள். மீட்டர் வந்தால் கறுப்பு எண் கிலோலிட்டர், சிவப்பு எண் லிட்டர். தண்ணீர் வருவதற்கு முன்பும் நின்ற பின்பும் போட்டோ எடுத்து வையுங்கள். 100 லிட்டர் டிரம் ஒன்றை நிரப்பிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

மல்லிகைத் தெரு

ஐயா, அளந்து பார்த்தோம். எங்கள் வீட்டில் வாளி நிரம்ப 75 விநாடி. 40 நிமிடத்துக்கு 320 லிட்டர். இரண்டு நாளுக்கு அதுதான், நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளைக்கு 40 லிட்டர். தெருக்கடைசி வீட்டில் வாளிக்கு இரண்டரை நிமிடம் ஆகிறது. அங்கேயும் நாலு பேர், அவர்களுக்கு ஆளுக்கு 20 லிட்டர்தான். அந்த அக்கா குடத்தை வைத்துவிட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவரும் அதே கட்டணம்தான் கட்டுகிறார், அதே உயர்வைத்தான் கட்டப் போகிறார்.

நடுவில் நாலைந்து வீடுகளில் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். அதையும் எழுதலாமா? பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆயிற்றே. இன்னொன்று, மதுரைக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வருகிறதே, எங்களுக்கு ஏன் இல்லை என்றும் சேர்க்கச் சொல்கிறார்கள்.

பழைய பிட்டர்

இந்த 40ம் 20ம்தான்ம்மா உங்கள் மனுவின் உயிர். முதல் பத்தியிலேயே வரட்டும்.

மோட்டார் விஷயத்தில் வீட்டு எண் எழுத வேண்டாம். "தெருவில் மின்மோட்டார் மூலம் நீர் உறிஞ்சப்படுகிறது, ஆய்வு செய்து அழுத்தத்தைச் சீராக்க வேண்டும்" என்று பொதுவாகப் போடுங்கள். அதற்கு முன்னால் அந்த வீடுகளில் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அதுதான் முறை.

முல்லைப் பெரியாறு வேண்டாம். லோயர் கேம்பில் எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்துக் கொண்டுவருவது மாநகராட்சிக்கான திட்டம். அதை இழுத்தால் "இந்த மன்றத்தின் அதிகாரத்தில் இல்லை" என்று மொத்த மனுவையும் ஒதுக்கச் சாக்கு கிடைத்துவிடும்.

ஆரப்பாளையத்துக்காரன்

கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் போதும். பதில் தர அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது, உங்கள் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் "ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்" என்றும் சேர்த்துவிடுங்கள். பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆட்சேபணை மனுவில், "கணக்கு விவரம் கிடைத்தபின் கூடுதல் ஆட்சேபணை தர உரிமை கோருகிறோம்" என்று ஒரு வரி இருக்கட்டும்.

இன்னொன்று: தீர்மானம் வரும்வரை பழைய கட்டணத்தைத் தவறாமல் கட்டுங்கள். எதிர்ப்பைக் காட்டுவதாகக் கட்டாமல் நிறுத்தினால் இணைப்பைத் துண்டிக்கக் காரணம் கிடைத்துவிடும், உங்கள் பேச்சும் எடுபடாது.

மல்லிகைத் தெரு

இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்:

"எங்கள் தெருவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் குடிநீரே கிடைக்கிறது (அளவீட்டுத் தாள் இணைப்பு). இந்நிலையில் கட்டணத்தை இரு மடங்காக்குவதற்கான வரவு செலவுக் கணக்கையும் நிலுவைப் பட்டியலையும் வெளியிடக் கோருகிறோம். உயர்வு தவிர்க்க முடியாதது எனில், விநியோக அளவு உயரும் தேதியை முதலில் அறிவித்து, அதன்பின் படிப்படியாக உயர்த்த வேண்டும். முன்தேதியிட்டு வசூலிக்கக் கூடாது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்குப் பழைய கட்டணமே தொடர வேண்டும். மீட்டர் பொருத்துமுன் ஏர் வால்வு அமைக்க வேண்டும்."

பழைய பிட்டர்

நன்றாக இருக்கிறது. "தெருவில்" என்று நிறுத்தாமல் வார்டு எண்ணையும் எந்த மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதையும் சேருங்கள். தொட்டி தெரிந்தால்தான் பொறியாளர் பிரிவுக்குப் போகும். ஆணையர் பெயருக்கு எழுதி, நகலை உங்கள் வார்டு உறுப்பினருக்கும் மதுரையிலுள்ள நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநருக்கும் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஆணையர் அலுவலகத்துக்கு நேரில் போய், தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்ம்மா.