சின்ன ஆர்கேட் ஸ்டிக்: பிரித்து மாற்றுவதா, விற்றுவிட்டு வேறு வாங்குவதா?

கீழ்முன்:
பைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு சின்ன ஆர்கேட் ஸ்டிக் வாங்கினேன், அதாவது லீவரும் பட்டன்களும் உள்ள விளையாட்டுப் பெட்டி. கணினியில் ஆறு பட்டன் சண்டை விளையாட்டுகள் ஆடத்தான். கீழ், கீழ்-முன், முன் என்று லீவரைச் சுழற்றினால், பத்தில் மூன்று முறை அந்த நடுத் திசை பதிவாவதே இல்லை. நெருப்பு உருண்டை வர வேண்டிய இடத்தில் வெறும் குத்து வருகிறது. சான்வா கம்பெனியின் ஜேஎல்எஃப் லீவர், அதே கம்பெனியின் 30 மில்லிமீட்டர் பட்டன்கள் என்று எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? இல்லை, விற்றுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கட்டுமா?

ஈயப்புகை:
மாற்றுங்கள். ஆனால் பாகம் வாங்கும் முன் அடித்தட்டைக் கழற்றி ஒரு ஸ்கேலை உள்ளே நிறுத்திப் பாருங்கள். ஜேஎல்எஃப் மேல்தட்டுக்குக் கீழே நன்றாகத் தொங்கும், தண்டின் முனை ஆடவும் இடம் வேண்டும். பட்டன் துளையையும் அளந்துவிடுங்கள். 30 என்று நினைத்து வாங்கி, ஒரு மில்லிமீட்டர் குறைந்ததால் ஒரு ஞாயிறு முழுக்க அரம் போட்டவன் நான்.

திறக்காதவன்:
இதைத்தான் சொல்ல வந்தேன். அந்தப் பெட்டி சின்னதாக இருப்பதே உள்ளே குட்டை லீவர் இருப்பதால்தான். பல சின்ன ஸ்டிக்குகளில் பட்டன்கள் நேராக சர்க்யூட் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும், செருகிக் கழற்றும் கனெக்டர் இருக்காது. லீவர், பட்டன், போர்டு என்று மூன்றையும் மாற்றிய பின் மிஞ்சுவது பிளாஸ்டிக் டப்பா மட்டும். அதுவும் எடை இல்லாத டப்பா. வேகமாக ஆடும்போது லீவர் நகரும் முன்னே பெட்டி நகரும்.

ஈயப்புகை:
அடியில் ஒரு இரும்புத் தகடு ஒட்டி, நான்கு ரப்பர் கால் வைத்தால் நகராது.

திறக்காதவன்:
சரி, தகடு ஒட்டியாயிற்று. அப்புறம் பையில் தூக்கிப் போக எதற்குச் சின்ன ஸ்டிக்?

எண்கோணம்:
லீவரை விடுங்கள், தண்டு எவ்வளவு தூரம் சாயலாம் என்று தடுத்து நிறுத்தும் தகட்டை, அதாவது கேட்டை மாற்றுங்கள். ஜேஎல்எஃபே வாங்கினாலும் சதுர கேட்டோடுதான் வரும். சுழற்றும்போது தண்டு மூலையில் போய் மாட்டிக்கொள்ளும். எண்கோண கேட் போட்டதும் எனக்கு எட்டுத் திசையும் கையில் தெளிவாகத் தட்டுப்பட்டது.

ஈயப்புகை:
இதில் நான் உடன்படவே மாட்டேன். தண்டு கேட் சுவரைத் தொடும் முன்பே திசையைப் பதிவு செய்யும் குட்டி மைக்ரோஸ்விட்ச் அழுந்திவிட வேண்டும். சுவரில் உரசிக்கொண்டே சுழற்றுகிறவருக்குத்தான் மூலை தடை. கீழ்முன், விளையாட்டை மூடிவிட்டு, அமைதியான அறையில் லீவரை மெதுவாக மூலைக்குத் தள்ளுங்கள். ஒரு திசைக்கு ஒன்றாக டிக், டிக் என்று இரண்டு சத்தம் கேட்க வேண்டும். இரண்டாவது டிக் சுவரில் முட்டிய பிறகு வந்தாலோ, வராமலே போனாலோ கேட் மீது பழி போட வேண்டாம்.

எண்கோணம்:
உங்கள் கைக்கு அப்படி இருக்கலாம். எனக்கு மூலையின் ஆழம்தான் எரிச்சல்.

லீவர்வேண்டாம்:
திசைக்கும் பட்டன்தான் என்றால் இந்தச் சண்டையே கிடையாது. மெல்லிய பெட்டி, ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற குட்டி சர்க்யூட் போர்டு, அதை விளையாட்டுக் கன்ட்ரோலராக மாற்றும் ஜிபி2040-சிஇ ஃபர்ம்வேர். ஒரு பட்டனுக்கு ஒரு கம்பி, கிரவுண்ட் எல்லாவற்றுக்கும் பொது. அவ்வளவுதான்.

திறக்காதவன்:
கேட்டவர் லீவர் கேட்டிருக்கிறார், நண்பரே. தவிர, பிக்கோ கணினிக்குச் சரி. பிளேஸ்டேஷன் 4-இல் அங்கீகாரச் சில்லு இல்லாத போர்டு எட்டு நிமிடத்தில் துண்டிக்கப்படும். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

ஈயப்புகை:
அவர் கணினி என்றுதானே சொன்னார்? போர்டை இப்போது தொடவே வேண்டாம். விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவிநாடி. போர்டு மெத்தனமாக இருந்தால் எல்லா அசைவும் ஒரே மாதிரி தாமதமாகும், ஒரு திசை மட்டும் காணாமல் போகாது.

கீழ்முன்:
நேற்று இரவு திறந்தேன். டிக் சோதனையில் மற்ற மூன்று மூலைகளும் சரி. கீழ்-வலது மூலையில் மட்டும் இரண்டாவது டிக் சுவரில் முட்டிய பிறகுதான் வந்தது. வலது திசைக்கான ஸ்விட்ச்சின் ஒரு திருகு தளர்ந்து, ஸ்விட்ச்சின் ஒரு முனை மட்டும் சற்றே வெளியே சாய்ந்திருந்தது. நேராக வைத்து இறுக்கினேன். இருபது முறை சுழற்றியதில் ஒன்றுதான் தவறியது, அது என் கை. ஆழத்தையும் அளந்தேன், ஜேஎல்எஃப் உள்ளே போகாது.

திறக்காதவன்:
ஆக, ஒரு திருகு. பாகம் வாங்கியிருந்தால் காசு போயிருக்கும்.

ஈயப்புகை:
திறக்காமல் இருந்திருந்தால் நல்ல ஸ்டிக்கை விற்றிருப்பார்.

கீழ்முன்:
ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் தொளதொளப்பு. கடினமானதாக மாற்ற ஆசை. அதைப் பிடித்து வைக்கத் தண்டின் அடியில் இருக்கும் ஈ-வளையத்தை (E எழுத்து வடிவ உலோக வளையம்) எப்படிக் கழற்றுவது?

ஈயப்புகை:
தட்டையான திருப்புளியால் பிளவில் நெம்புங்கள். நெம்பும்போது மறு கையால் மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டியிருக்கும்.

கீழ்முன்:
இதைக் கால் மணி நேரம் முன்பு சொல்லியிருக்கலாம்.